பெருங்காயத்துக்குப் பிறகு குடல்: புரோபயாடிக் எப்போது உதவும், எப்போது ஆபத்து

பெரிய விபத்தில் அடிபட்டு ரத்தம் நிறையப் போய்விட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது எல்லோருடைய கவனமும் காயத்தின் மேல்தான் இருக்கும். உடைந்த தொடை எலும்பு, கிழிந்த மண்ணீரல், நொறுங்கிய இடுப்பு. அது சரிதான், ரத்தக்கசிவை நிறுத்தாமல் வேறு எதைப் பற்றியும் பேச முடியாது. ஆனால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ரத்தமும் ஏற்றி, இனி பயமில்லை என்று குடும்பம் பெருமூச்சு விடும் நேரத்தில், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் அடிக்கிறது. மூச்சு திணறுகிறது. சிறுநீர் குறைகிறது. காயத்தைப் பார்த்தால் சீழ் இல்லை, சிவப்பு இல்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது இது?

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தேகப்பட்டு, ஆராய்ந்து, இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கும் ஒரு காரணம் குடல். வயிற்றில் ஒரு கீறல்கூட விழாதவருக்கும் குடல் அடிபட்டிருக்கலாம். குடலைக் காப்பாற்ற வேண்டும் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது புரோபயாடிக். "நல்ல பாக்டீரியாதானே, கொடுத்தால் என்ன?" என்று நோயாளியின் உறவினர்கள் கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. கொடுப்பது எது என்பதைவிட எப்போது, யாருக்கு என்பதே பெரிய விஷயம். அது புரிய வேண்டுமானால் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

உடல் எதை விட்டுக்கொடுக்கிறது

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 15 சதவீதம் வரை போனால் உடல் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். 30 சதவீதத்தைத் தாண்டும்போது ரத்த அழுத்தம் விழத் தொடங்கும், 40 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே உடனடி ஆபத்து. இருக்கும் ரத்தம் போதாது என்று ஆனவுடன் உடல் ஒரு முடிவெடுக்கிறது: மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம், மற்றவை காத்திருக்கட்டும். அட்ரினலின், நார்அட்ரினலின், ஆஞ்சியோடென்சின், வாசோபிரசின் என்று வரிசையாகச் சுரக்கும் ஹார்மோன்கள் தோல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகின்றன.

ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை குடலும் அதைச் சேர்ந்த செரிமான உறுப்புகளும் வாங்கிக்கொள்கின்றன. அவ்வளவு பெரிய பங்கு என்பதால் முதலில் கை வைக்கப்படுவதும் அங்கேதான். கொஞ்ச நேரத்துக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. நேரம் நீளும்போது குடல் அதற்கு விலை கொடுக்கிறது.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது என்பதுதான் சங்கடம். ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் ரத்த அளவில் கால்பங்கை மெதுவாக எடுத்துப் பார்த்த ஒரு சோதனை உண்டு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பெரிதாக மாறவில்லை. இரைப்பைச் சுவரின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் அளவீடுதான் முதலில் மாறியது. அதாவது மானிட்டரில் எண்கள் நன்றாக இருக்கும்போதே வயிற்றுக்குள் ரத்தப் பஞ்சம் தொடங்கியிருக்கலாம். ரத்தம் ஏற்றி அழுத்தம் சீரான பிறகும் குடலின் நுண்ணிய குழாய்களில் ஓட்டம் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

குடல் உறிஞ்சியின் நுனியில்

சிறுகுடலின் உள்பக்கம் முழுக்க நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் மிகச் சிறிய மேடுகளைக் குடல் உறிஞ்சிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் உயரம். அதன் நடுவே ஒரு சிறு தமனி மேலே ஏறுகிறது, பக்கத்திலேயே ரத்தம் கீழே இறங்கி வருகிறது. இரண்டும் மிக அருகில் இருப்பதால், மேலே போய்ச் சேர வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதி வழியிலேயே இறங்கும் ரத்தத்துக்குக் கசிந்துவிடும். நல்ல உடல்நிலையிலேயே நுனியில் ஆக்சிஜன் குறைவுதான். ரத்த ஓட்டம் மந்தமாகும்போது வழியில் கசிவதற்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது, நுனிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

அந்த நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால் சேதம் படிப்படியாகத் தெரியும். முதலில் மேற்படலச் செல்களுக்கும் அவற்றின் அடியில் உள்ள திசுவுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளி விரிந்து, செல்கள் வரிசையோடு எழும்பிப் பிரிகின்றன. பிறகு நுனி வெறுமையாகிறது. பாதிப்பு இன்னும் நீண்டால் உறிஞ்சியின் உள்தண்டே சிதைந்து ரத்தம் கசிகிறது. குடலின் உள்ளே இருக்கும் சரக்குக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அடுக்கு செல்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒட்டவைக்கும் இறுக்கமான இணைப்புகள், மேலே பூசியிருக்கும் கோழைப் படலம், அதில் கலந்திருக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள்கள் எல்லாம் அந்த ஓரடுக்குக்குத் துணை நிற்பவை. ரத்தப் பஞ்சத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் பலவீனமாகின்றன.

நம்பிக்கை தரும் செய்தியும் இங்கேயே இருக்கிறது. உடலில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களில் குடலின் உள்படலமும் ஒன்று. சாதாரணமாகவே 3 முதல் 5 நாட்களுக்குள் புதிய செல்கள் பழையவற்றின் இடத்தைப் பிடித்துவிடும். அவற்றை உருவாக்கும் தண்டுசெல்கள் உறிஞ்சிகளின் அடியில், ஆழத்தில் இருப்பதால் நுனி செத்தாலும் அவை பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. ரத்த ஓட்டம் திரும்பியவுடன் அருகில் உள்ள செல்கள் தட்டையாக நகர்ந்து வெறுமையான இடத்தைச் சில மணி நேரத்துக்குள் மூடத் தொடங்கும். மருத்துவம் செய்ய வேண்டியது இந்த இயற்கையான பழுதுபார்ப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் வழிவிடுவதும், முடிந்தால் கை கொடுப்பதும்தான்.

ரத்த ஓட்டம் திரும்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜன் இல்லாமல் தவித்த திசுவுக்குள் திடீரென ஆக்சிஜன் நுழையும்போது, செல்களைத் தாக்கும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன, அழற்சி கூடுகிறது. இதை மீள்ரத்த ஓட்டச் சேதம் என்கிறார்கள். இதற்கு மேல், உணவைச் செரிக்க வேண்டிய கணைய நொதிகள் பலவீனமான கோழைப் படலத்தைத் தாண்டிக் குடல் சுவரையே அரிக்கக்கூடும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

பாக்டீரியா ரத்தத்துக்குள் போகிறதா?

குடல் சுவர் கசிந்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து செப்சிஸ் (தொற்றால் உடல் முழுக்க உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வரும் என்பதுதான் எல்லோரும் முதலில் நினைத்தது. 1986ல் மீக்கின்ஸ், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் செயலிழப்பதை இயக்கும் மோட்டாராகக் குடலைக் குறிப்பிட்டார்கள். எலிகளில் ரத்தத்தை எடுத்து, உறுப்புகளுக்கு ரத்தம் போதாத அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோனால், குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளில் பாக்டீரியா கிடைத்தது. எல்லாம் பொருந்தி வந்ததுபோல் இருந்தது.

மனிதர்களில் சோதித்தபோது கதை மாறியது. 1991ல் மூர் குழுவினர், கடுமையாக அடிபட்ட நோயாளிகளின் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் குழாய் வைத்து, நாட்கணக்கில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பாக்டீரியா கிடைத்த மாதிரிகள் மிகமிகக் குறைவு. ஆனாலும் சில நோயாளிகளுக்கு உறுப்புச் செயலிழப்பு வந்தது. பாக்டீரியா ரத்தத்தில் இல்லை என்றால் குடலிலிருந்து வேறு எது போகிறது?

இதற்கு விடை தேடி எட்வின் டெய்ச் போன்ற அறுவை மருத்துவர்கள் வேறொரு பாதையைப் பார்த்தார்கள்: திசுக்களிலிருந்து வடியும் நிணநீர். குடலிலிருந்து கிளம்பும் நிணநீர் கல்லீரல் வழியாகப் போவதில்லை. மார்பு நிணநாளத்தில் ஏறி, கழுத்தருகே உள்ள பெரிய சிரையில் கலந்து, இதயத்தின் வலது பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதிர்ச்சி நிலையில் உள்ள எலியின் குடல் நிணநீர் நுரையீரலைச் சேதப்படுத்தியது. முன்கூட்டியே அந்த நிணநாளத்தைக் கட்டிவிட்டால் நுரையீரல் தப்பித்தது. அந்த நிணநீரில் பாக்டீரியா இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடிபட்ட குடல் திசுவிலிருந்து வரும் அழற்சிப் பொருள்களே போதுமானதாக இருந்தன. பெருங்காயத்துக்குப் பிறகு முதலில் தடுமாறும் உறுப்பு பெரும்பாலும் நுரையீரலாக இருப்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் இந்த விளக்கம் இன்றுவரை பலமாகவே நிற்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கெட்ட பாக்டீரியா உள்ளே புகுந்துவிடுகிறது, எனவே நல்ல பாக்டீரியாவை அனுப்பித் தடுப்போம் என்ற எளிய கணக்கு இங்கே முழுதாக ஒத்துவராது. முதல் சேதம் ரத்தப் பஞ்சத்தால் வருகிறது. பாக்டீரியாவின் பங்கு அதற்குப் பிறகு, அதன் மேல் கட்டப்படுவது.

குடியிருப்பவர்கள் மாறிப்போகிறார்கள்

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016ல் ஒரு கணக்கீடு வந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வசிக்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கச் செய்து, அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கமான இணைப்புகளை வலுப்படுத்துவதும், அழற்சியை அடக்குவதும் அதே பொருள்தான்.

கடும் காயத்துக்குப் பிறகு இந்தக் கூட்டம் சில நாட்களுக்குள்ளேயே உருமாறிவிடுகிறது. பியூட்டிரேட் தயாரிக்கும் வகைகள் குறைகின்றன, ஈ. கோலை குடும்பத்தைச் சேர்ந்தவையும் என்டரோகாக்கஸ் போன்றவையும் பெருகுகின்றன. காயம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. உயிரைக் காக்கும் சிகிச்சையிலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகள் குடல் அசைவை மந்தமாக்குகின்றன, சரக்கு தேங்குகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளால் இரைப்பையின் இயற்கையான கிருமிநாசினி வேலை குறைகிறது. வாய்வழி உணவு நின்றுபோவதால் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனி இல்லாமல் போகிறது; நார்ச்சத்து கிடைக்காதபோது சில வகைகள் கோழைப் படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. இந்த மருந்துகளை நிறுத்த வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. உதாரணமாக, வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அமிலக் குறைப்பு மருந்து இரைப்பை ரத்தக்கசிவைத் தடுக்கிறது. தேவை முடிந்த அன்றே அதை நிறுத்துவதும் சிகிச்சைதான் என்பதே நான் சொல்ல வருவது.

இதில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்துவது நார்அட்ரினலின். உடல் ஆபத்தில் இருக்கும்போது சுரக்கும் இந்த ஹார்மோன் ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று 1990களிலேயே கண்டுபிடித்தார்கள். சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும் நோயாளியின் உடல் வெளியிடும் அபாயச் சமிக்ஞைகளை உணர்ந்து, சாதுவான நிலையிலிருந்து தாக்கும் நிலைக்கு மாறுகின்றன. நாம் பலவீனமாக இருக்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, புரோபயாடிக் என்றால் என்ன?

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள். 2001ல் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு தந்த வரையறையின் சாரம் இது. உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது புரோபயாடிக் ஆகாது. அதனால் புளிக்கவைத்த உணவு எல்லாமே புரோபயாடிக் என்று சொல்ல முடியாது.

இந்தத் துறைக்கும் போர்க்களத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்லே, வயிற்றுப்போக்கு பலரை வீழ்த்திய சூழலிலும் நோய் தொடாமல் தப்பிய ஒரு போர்வீரரின் மலத்திலிருந்து ஓர் ஈ. கோலை வகையைப் பிரித்தெடுத்தார். ஈ. கோலை நிஸ்லே 1917 என்ற பெயரில் அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஈ. கோலை என்றாலே கெட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே இனத்துக்குள் ஒரு வகை நோய் தரும், இன்னொரு வகை நோய் தடுக்கும். புரோபயாடிக் என்று பொதுவாகப் பேசுவதில் உள்ள கோளாறும் இதுதான். மருந்து என்று பொதுவாகச் சொன்னால் எந்த மருந்து என்று கேட்போம் இல்லையா, இங்கேயும் எந்த வகை என்று கேட்க வேண்டும். ரத்தம் இழந்த எலிகளில் வெவ்வேறு வகைகளைக் கொடுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வொன்றிலும் குடல் தடுப்பின் மேல் அவற்றின் விளைவு வகைக்கு வகை மாறுபட்டது.

நல்ல வகைகள் என்ன செய்கின்றன? லாக்டிக் அமிலம் சுரந்து சுற்றுப்புறத்தைக் கெட்ட கிருமிகளுக்கு ஒவ்வாததாக ஆக்குகின்றன. குடல் சுவரில் ஒட்டும் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. சில வகைகள் கோழை சுரப்பைத் தூண்டுகின்றன, செல் இணைப்புகளை இறுக்குகின்றன, நோயெதிர்ப்புச் செல்களின் பதற்றத்தைத் தணிக்கின்றன. ஆய்வகத்திலும் எலியிலும் இவையெல்லாம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் எலிகளுக்குப் பெரும்பாலும் ரத்தத்தை எடுப்பதற்கு முன்பே, சில நாட்கள் புரோபயாடிக் கொடுத்துத் தயார்ப்படுத்துகிறார்கள். விபத்தில் அடிபடப் போகிறவருக்கு முன்கூட்டியே யார் கொடுப்பது?

மனிதர்களில் கிடைத்த விடைகள்

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பல காயங்களோடு வென்டிலேட்டரில் இருந்த 65 பேரிடம் கிரேக்க மருத்துவர்கள் நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், சில பாக்டீரியா வகைகளையும் நார்ச்சத்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது தொற்றும் செப்சிஸும் குறைந்தன. வேறு சில சிறிய ஆய்வுகளும் இதே திசையில் வந்தன. நம்பிக்கை பெருகியது.

2008ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. அது காயம் பற்றியது அல்ல, கடுமையான கணைய அழற்சி பற்றியது. ஆனாலும் குடலில் ரத்த ஓட்டம் குறைவது இரண்டுக்கும் பொது என்பதால் இங்கே மிக முக்கியம். 298 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஆறு வகை பாக்டீரியா கலந்த கலவையை நேரே சிறுகுடலுக்குள் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். தொற்று குறையவில்லை. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். இன்னும் உற்றுப் பார்த்தபோது, புரோபயாடிக் பெற்றவர்களில் 9 பேருக்குக் குடல் ரத்தமின்றி அழுகியிருந்தது, மற்ற குழுவில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு முன்வைக்கப்பட்ட விளக்கம் எளியது. ஏற்கெனவே ஆக்சிஜன் போதாத குடலுக்குள் கோடிக்கணக்கான உயிர்களையும் அவற்றுக்கான தீனியையும் சேர்த்து இறக்கினால், அங்கே வேலையும் ஆக்சிஜன் தேவையும் அழற்சியும் கூடும். தண்ணீர் விடாத வயலில் நாற்று நட்டதுபோல் ஆகிவிடும், நாற்றும் பிழைக்காது, நிலமும் வீணாகும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் ஆய்வு பிரான்சில் நடந்து 2018ல் வெளியானது. அதில் புரோபயாடிக்கே கிடையாது. வென்டிலேட்டரிலும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்திலும் இருந்த 2410 நோயாளிகளில் ஒரு பாதிக்குக் குழாய் வழியாகக் குடலுக்கு முழு அளவு உணவு, மறு பாதிக்குச் சிரை வழியாக. குடல் வழியாக உணவு பெற்றவர்களில் 19 பேருக்குக் குடல் ரத்தமின்மை வந்தது, மற்ற குழுவில் 5 பேருக்கு. உணவோ பாக்டீரியாவோ, ரத்தம் போதாத குடல் மேல் முழுச் சுமையை ஏற்றக்கூடாது என்பதை இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு வழியில் சொல்கின்றன. என் பார்வையில் இந்தத் துறையில் கற்ற மிகப் பெரிய பாடம் இதுதான்.

2021ல் வெளியான பெரிய ஆய்வு கனடா, அமெரிக்கா, சவுதி அரேபியா ஆகிய நாடுகளின் 44 ஐசியுக்களில் நடந்தது. 2650 பேரில் ஒரு பாதிக்கு லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற புரோபயாடிக் பாக்டீரியா, மறு பாதிக்கு ஒப்பீட்டுக்காக அந்தப் பாக்டீரியா இல்லாத போலி மருந்து. வென்டிலேட்டரால் வரும் நிமோனியா முதல் குழுவில் 21.9 சதவீதம், இரண்டாவதில் 21.3. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். அதோடு, கொடுத்த அதே பாக்டீரியாவே ரத்தத்திலோ வேறு மாதிரிகளிலோ முளைத்தது முதல் குழுவில் 15 பேருக்கு, இரண்டாவதில் ஒருவருக்கு.

கேப்சூலில் இருந்த பாக்டீரியா ரத்தத்துக்குப் போகுமா என்று இன்னும் சந்தேகப்படுபவர்களுக்கு 2019ல் வந்த ஆய்வு தெளிவான பதில் தந்தது. அமெரிக்காவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் ஐசியுவில் புரோபயாடிக் பெற்ற 522 பேரில் 6 பேரின் ரத்தத்தில் லாக்டோபேசில்லஸ் வளர்ந்தது. பெறாத 21,652 பேரில் 2 பேருக்கு மட்டுமே. மரபணுத் தொடரைப் படித்துப் பார்த்தபோது ரத்தத்தில் இருந்தது கேப்சூலில் இருந்த அதே வகை என்று உறுதியானது.

குடல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. படுக்கையருகில் நர்ஸ் கேப்சூலைத் திறந்து பொடியைக் கொட்டும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் காற்றில் பரவும், கையுறையில் ஒட்டும். அதே கை அடுத்த நொடி கழுத்துச் சிரையில் போட்டிருக்கும் குழாயின் மூடியைத் தொட்டால், உள்ளே இருக்கும் உயிர்கள் நேரே ரத்தத்தில் இறங்கிவிடும். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் வகையில் இப்படி நடந்திருக்கிறது. அதனால்தான் 2017ல் ஐரோப்பிய மருந்து முகமை, மையச் சிரைக் குழாய் உள்ளவர்களுக்கும் கவலைக்கிடமான நிலையில் உள்ளவர்களுக்கும் அந்த ஈஸ்டைக் கொடுக்கக்கூடாது என்று அறிவுறுத்தியது.

அப்படியானால் குடலைக் காப்பது எது?

முதலில் ரத்தக்கசிவை நிறுத்துவது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் குடலுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. சேதத்தின் அளவைத் தீர்மானிப்பது ரத்தப் பஞ்சம் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதுதான். காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள், ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால் ரத்தக்கசிவால் வரும் மரணம் குறைகிறது என்று 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் 2010, 2011ல் வெளியான முடிவுகள் காட்டின. இழந்ததற்கு ஈடாக வெறும் சலைன் திரவத்தை லிட்டர் லிட்டராக ஏற்றினால் குடல் சுவரும் வீங்கும் என்பதால், இன்று ரத்த அணுக்கள், பிளாஸ்மா, தட்டணுக்கள் மூன்றையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள்.

அடுத்தது குடலுக்கு உணவு. ரத்த ஓட்டம் நிலைபெற்ற பிறகு, 24 முதல் 48 மணி நேரத்துக்குள், குழாய் வழியாகக் கொஞ்சமாகத் தொடங்குவார்கள். மணிக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர். இந்த அளவு உடலின் பசிக்குக் கொஞ்சமும் போதாது. அதன் நோக்கமும் அது இல்லை. குடல் செல்கள் தங்களுக்கான ஊட்டத்தில் ஒரு பகுதியைத் தங்கள் மேல் நகரும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உணவு வந்தால்தான் ரத்த ஓட்டமும் அசைவும் ஐஜிஏ சுரப்பும் தொடரும். வயிற்றுக் காயம்பட்டவர்களிடம் 1992ல் வெளியான ஆய்வில், சிரை வழியாக ஊட்டம் பெற்றவர்களைவிடக் குடல் வழியாகப் பெற்றவர்களுக்கு நிமோனியா குறைவாக இருந்தது. பிரெஞ்சு ஆய்வு சொன்னதற்கு இது முரண்பாடு போலத் தோன்றலாம். முரண்பாடு இல்லை. இங்கே ரத்த ஓட்டம் மீண்ட குடல், அங்கே இன்னும் அதிர்ச்சியில் தவிக்கும் குடல். அழுத்தம் ஏற்றும் மருந்து அதிக அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் உணவைத் தள்ளிப்போட்டால், அவர் நோயாளியைப் பட்டினி போடவில்லை, குடலுக்குச் சுமை ஏற்றாமல் காக்கிறார். நார்ச்சத்து கலந்த உணவையும் அந்தக் கட்டத்தில் தவிர்ப்பது இதே காரணத்துக்காகத்தான்.

பாக்டீரியா உயிரோடு வேண்டாம், அவை தரும் பொருள்களை மட்டும் கொடுத்தால் என்ன என்ற யோசனையும் ஆய்வில் இருக்கிறது. பியூட்டிரேட், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த பாக்டீரியா போன்றவை. ரத்தத்தில் முளைக்கும் ஆபத்து இல்லாததால் இந்தத் திசை எனக்கு நம்பிக்கை தருகிறது, ஆனால் அடிபட்ட மனிதர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

வீடு திரும்பிய பிறகு

ஐசியுவில் இருப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் வெளியிலிருந்து எந்தப் புரோபயாடிக்கையும் கொடுக்காதீர்கள். உணவு செலுத்தும் குழாயில் ஒரு சாஷே பொடியைக் கரைத்து ஊற்றுவதும் இதில் அடங்கும். கழுத்திலோ மார்பிலோ சிரைக் குழாய் உள்ளவர், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர், செயற்கை இதய வால்வு உள்ளவர், குடலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பவர், இவர்களுக்கெல்லாம் ஆபத்து கூடுதல்.

உடல் தேறி, வாய்வழி சாப்பிடத் தொடங்கிய பிறகு நிலைமை வேறு. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதில் சில புரோபயாடிக் வகைகளுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. குடலின் பழைய குடியிருப்பு திரும்புவதற்கு அவை உதவும் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2018ல் இஸ்ரேலில் ஆரோக்கியமான சிலரிடம் நடந்த சிறிய ஆய்வில், ஆன்டிபயாட்டிக் முடித்த பிறகு 11 வகை கலந்த புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, எதுவும் சாப்பிடாமல் விட்டவர்களைவிடச் சொந்தப் பாக்டீரியா திரும்பத் தாமதமானது. பலவகைப்பட்ட நார்ச்சத்துள்ள உணவை, வயிறு ஏற்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவது எளிய வழி, இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்குத் தேவையானதும் அதுவே.

மருத்துவர் சம்மதித்து ஒன்றை வாங்கினால், பெட்டியில் பேரினம், இனம் மட்டுமல்லாமல் வகையின் குறியீடும் இருக்கிறதா, உயிருள்ள எண்ணிக்கை தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுபடி காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், என்ன புரோபயாடிக் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் லாக்டோபேசில்லஸ் வளர்ந்தால், மாதிரி எடுக்கும்போது தவறிக் கலந்தது என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. கடும் தொற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வான்கோமைசின் லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸுக்கு எதிராக வேலை செய்யாது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தால் மருத்துவர் வேறு ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுப்பார்.